முதல் மெட்டல் டிடெக்டர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். தங்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும் மெட்டல் டிடெக்டர் கிடையாது. மெல்லிய தங்க மோதிரமும் கசக்கி எறிந்த அலுமினியத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இதை ஏற்க மனம் வராதவர்களை நம்பித்தான் ‘நூறு மீட்டர் தள்ளியிருக்கும் புதையலைக் காட்டும்’ ஆன்டெனா கருவிகள் விற்பனையாகின்றன. ஒரு கைப்பிடி, அதில் தாராளமாகச் சுழலும் கம்பி, ஒப்புக்கு ஒரு பெட்டி. வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக் பாதுகாப்புப் படைகளுக்கு விற்கப்பட்ட ஏடிஇ 651 கருவியும் இந்த ரகம்தான். விற்றவருக்கு 2013இல் பிரிட்டனில் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உண்மையான டிடெக்டர் வேலை செய்யும் விதம் எளியது. தட்டு மாதிரி இருக்கும் காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று, நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் இடையில் எவ்வளவு பிந்தியது என்பதைக் கணக்கிட்டுத்தான் திரையில் எண் வருகிறது. இரும்பு ஒரு கோடியில் நிற்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளியும் கனத்த செம்பும் மறு கோடியில். ஆனால் அந்தத் தாமதத்தை முடிவு செய்வது உலோகம் மட்டுமில்லை. பொருளின் கனம், அளவு, வடிவம், மண்ணில் கிடக்கும் சாய்வு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். அதனால் தங்க மோதிரங்கள் அலுமினியத் தாள் முதல் கேன் மூடியின் இழுப்பு வளையம் வரை பரந்த இடத்தில் எங்கு வேண்டுமானாலும் விழும். மெல்லிய சங்கிலியின் கதி இன்னும் மோசம். கருவிக்கு அது ஒரே சங்கிலியாகத் தெரியாது, கண்ணி கண்ணியாகத்தான் தெரியும். பல சமயம் பெரிதாகக் கேட்பது கொக்கி ஒன்றுதான்.

ஆழத்தைப் பற்றியும் பேராசை வேண்டாம். போகும் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது, திரும்பி வரும் புலமும் அப்படியே. இரண்டும் பெருகினால் ஆறாம் அடுக்கு. காயிலின் அளவைத் தாண்டிப் போன பிறகு தூரம் இரட்டித்தால் சிக்னல் 64இல் ஒரு பங்காகிவிடும். 11 அங்குலக் காயில் நாணய அளவுப் பொருளை 20 முதல் 25 செ.மீ. ஆழத்தில் பிடித்தால் நல்ல கருவி, நல்ல மண் என்று அர்த்தம். இரண்டு மடங்கு விலை கொடுத்தால் இரண்டு மடங்கு ஆழம் கிடைக்காது. சில சென்டிமீட்டர் கூடலாம். பெரிய அண்டா, இரும்புப் பெட்டி மாதிரி கனமான பொருட்கள் இதைவிட ஆழத்தில் கேட்கும், அது வேறு கணக்கு.

எந்த வகை வாங்குவது? புதியவருக்கு விஎல்எஃப் வகை, அதாவது மேலே சொன்னபடி குறைந்த அதிர்வெண்ணில் இடைவிடாமல் புலத்தை அனுப்புவது. பல்ஸ் இண்டக்‌ஷன் வகை புலத்தை விட்டு விட்டுத் துடிப்புகளாக அனுப்புவது; உப்புநீர், கனிமம் மிகுந்த மண் போன்ற இடங்களில் ஆழமாகப் போகும். ஆனால் ஆணிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்வதில் மிகவும் மந்தம். கடற்கரையில் மட்டுமே தேடப் போகிறவருக்கும், தங்கக் கட்டி தேடுபவருக்கும் அது சரி. பழைய வீட்டு மனையில் அதை எடுத்துக்கொண்டு இறங்கினால் நாள் முழுக்க ஆணிதான்.

விஎல்எஃப் வகைக்குள் அதிர்வெண்ணைப் பாருங்கள். குறைந்த அதிர்வெண் கனத்த வெள்ளி, செம்பு நாணயங்களை நன்றாகப் பிடிக்கும். அதிகமானது சின்னத் தங்கத் துணுக்கைப் பிடிக்கும், ஆனால் மண்ணின் கனிமத்துக்கும் சீக்கிரம் பதறும். கேரெட் நிறுவனத்தின் ஏஸ் 300 வேலை செய்வது 8 கிலோஹெர்ட்ஸில், நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12இல். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 போகிறது 45இல். அது தங்கத் துணுக்குக்கென்றே செய்தது, பொதுத் தேடலுக்கு வாங்கக் கூடாது. எல்லாம் கலந்து தேடுகிறவருக்கு 7 முதல் 15 வரை போதும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவிகளும் உண்டு: மைன்லேப் வான்குவிஷ் வரிசை, ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜெண்ட். கடலோர ஈர மணலில் நடக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒற்றை அதிர்வெண் கருவி அங்கே வெறும் மணலுக்கே கத்தும். உலர்ந்த நிலத்தில் மட்டும் தேடுபவருக்கு ஒற்றை அதிர்வெண்ணே தாராளம்.

காயிலில் இரண்டு வடிவம் பரவலாகக் கிடைக்கும். கான்சென்ட்ரிக் காயிலின் புலம் புனல் மாதிரி கீழே போகப் போகக் கூம்பும்; இடத்தைத் துல்லியமாகக் காட்டும், செம்மண்ணில் திணறும். டபுள் டி காயிலின் புலம் அரிவாள்மணை அலகு மாதிரி முன்னிருந்து பின்வரை நீளமாக இறங்கும். கனிம மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், ஒரு வீச்சில் அதிகப் பரப்பை மூடும். ஒன்றே ஒன்றுதான் என்றால் டபுள் டி. அளவு 9 முதல் 11 அங்குலம். ஆணியும் தகரமும் நிறைந்த இடத்துக்குப் பின்னாளில் 5 அல்லது 6 அங்குலக் காயில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 15 அங்குலக் காயிலை முதல் நாளே மாட்டுபவருக்கு ஆழத்தைவிடத் தோள்வலிதான் முதலில் கிடைக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை: மண்ணின் கனிமம் எழுப்பும் ஓசையை அடக்கும் கிரவுண்ட் பேலன்ஸை நாமே மாற்ற முடியுமா, கருவியின் கூருணர்வான சென்சிட்டிவிட்டியைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா, பொருள் கிடக்கும் புள்ளியைக் காட்டும் பின்பாயின்ட் பொத்தான் உண்டா, ஹெட்போன் மாட்டலாமா, மழையில் நனைந்தால் தாங்குமா. காயில் மட்டும் நீர்புகாதது, மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது என்ற மாதிரிகள் நிறைய. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் எந்தப் பாகம், எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் யோசியுங்கள். பழைய கருவி என்றால் காயில் கேபிளை வளைத்துக்கொண்டே ஓசை கேளுங்கள். கரகரத்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. காயிலைத் தண்டோடு இணைக்கும் காதுகளில் விரிசல் இருக்கிறதா, பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் பெற்ற மாதிரிகளுக்குப் போலிகளும் உலவுகின்றன. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்கத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

கருவிக்கென்று வைத்திருக்கும் பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிடாதீர்கள். பின்பாயின்டர் என்ற கைக்கடக்கமான சின்ன டிடெக்டர் இல்லாமல் ஒவ்வொரு குழியிலும் பத்து நிமிடம் மண்ணைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள். பெரிய மாதிரியிலிருந்து ஒரு படி இறங்கி, மிச்சத்தில் பின்பாயின்டர் வாங்குவது புத்திசாலித்தனம். பிறகு வளையாத எஃகில் ஒரு கைக்கொத்து. தோட்டக் கடையின் மெல்லிய தகடு காய்ந்த மண்ணில் முதல் நாளே மடங்கும். ஹெட்போன் கட்டாயம், மெல்லிய ஆழ்ந்த ஓசைகள் ஸ்பீக்கரில் காற்றோடு போய்விடும். சாதாரண புளூடூத் ஹெட்போன் மட்டும் கூடாது. ஓசை அரை வினாடி பிந்தி வந்தாலும் அதற்குள் காயில் ஒரு முழம் தாண்டியிருக்கும். வயர் வைத்ததோ, கருவியோடு வரும் தாமதமற்ற வயர்லெஸ்ஸோ சரி.

பூட்டும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றி, காயிலின் அருகில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். கேபிள் ஆடினால் வீச்சுக்கு வீச்சு பொய் ஓசை வரும். காயிலின் பிளாஸ்டிக் திருகை விரலால் மட்டும் முறுக்குங்கள், குறடு எடுத்தால் காது உடையும். நிமிர்ந்து நிற்கும்போது கை லேசாக மடங்கியபடி, காயில் தரையில் படுக்கும் அளவுக்குத் தண்டை நீட்டுங்கள். குனிய வேண்டியிருந்தால் தண்டு குட்டை.

வீட்டுக்குள் சோதித்துவிட்டு ‘கருவி பழுது’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். கான்கிரீட் தரைக்குள் இரும்புக் கம்பி, சுவருக்குள் மின்சார வயர், பக்கத்தில் வைஃபை. எந்த டிடெக்டரும் அங்கே அலறும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவியோடு போனார். கட்டில் மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் ஓசையைக் குழப்பின. மருத்துவரோ, குண்டு வலப்பக்கம்தான் என்று தானே முடிவு செய்து அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். கருவியின் மேல் பழி போடும் முன் சுற்றிலும் என்ன இரும்பு இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எஃகு முனை வைத்த காலணி, கையில் கைக்கொத்து, சட்டைப்பையில் போன் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

வெளியே, உலோகம் இல்லாத ஒரு சதுர மீட்டர் மண்ணைத் தேடிப்பிடித்து அங்கே பழகத் தொடங்குங்கள். துருப்பிடித்த ஆணி, சோடா மூடி, கசக்கிய அலுமினியத் தாள், இழுப்பு வளையம், சாவி, செம்புத் துண்டு, வெள்ளி மெட்டி, தங்க மோதிரம், இரண்டு மூன்று நாணயம். ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, காயிலை மேலே வீசி, எண்ணையும் ஓசையையும் நோட்டில் குறியுங்கள். எண்கள் கருவிக்குக் கருவி மாறும். ஏஸ் 300இல் அளவு 0 முதல் 99. ஈக்வினாக்ஸ் 800இல் -9 முதல் 40. அதே வரிசையின் 900இல் -19 முதல் 99. அடுத்தவர் கருவியின் ‘22’ உங்களுக்கு உதவாது. இன்றைய நாணயங்கள் பல எஃகில் மேல்பூச்சு போட்டவை, அல்லது முழு எஃகு. உங்கள் கையில் இருக்கும் காசு இரும்பின் பக்கம் போய் விழுந்தால் வியக்க வேண்டாம்.

பிறகு அந்த நாணயத்தின் பக்கத்தில் ஆணியை வைத்துப் பாருங்கள், முதலில் ஒரு சாண் தள்ளி, பிறகு நான்கு விரற்கடை, பிறகு ஒட்டி. எந்த இடத்தில் நாணயத்தின் ஓசை செத்துப்போகிறது என்று கேளுங்கள். வேகமாக வீசினால் முன்னதாகவே மறையும், மெதுவாக வீசினால் கொஞ்சம் மீளும். காயிலைத் திருப்பி வேறு கோணத்தில் வீசினால் பட்டென்று திரும்பி வரும். இந்த அரை மணி நேரப் பயிற்சிக்கு ஈடாக எந்தக் கையேடும் இல்லை. பலர் தேடி முடித்த இடத்தில் இன்னும் பொருள் கிடைப்பதற்கு முக்கியமான காரணமே, அது ஆணிகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுதான்.

வீச்சு. காயில் தரையிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாக, இடமிருந்து வலம் ஒன்று அல்லது ஒன்றரை நொடி. புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, வீச்சின் முடிவில் ஊஞ்சல் மாதிரி காயிலைத் தூக்குவது. ஓரத்தில் ஒரு சாண் தூக்கினால் அந்தச் சாணும் ஆழத்தில் கழிந்தது. அடுத்த வீச்சு முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும். காயிலை அசைக்காமல் நிறுத்தினால் ஓசை அடங்கிவிடும். சாதாரணத் தேடல் முறையில் அசைவு இருந்தால்தான் கருவி கேட்கும்.

தேடத் தொடங்கும் முன் கிரவுண்ட் பேலன்ஸ். சுத்தமான மண்ணில் காயிலை மூன்று செ.மீ. உயரத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை மேலும் கீழுமாக ஏற்றி இறக்குங்கள். கருவி தானே சரிசெய்துகொள்ளும் என்றால் அதற்கான பொத்தானை அழுத்தியபடி. இல்லையென்றால் இறக்கும்போதும் ஏற்றும்போதும் ஓசை ஒரே மாதிரி ஆகும்வரை எண்ணை நகர்த்துங்கள். மண்ணின் நிறம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். ஓரிடத்தில் ஓசை ஓயாமல் வந்தால் அங்கே புதைந்த இரும்பு இருக்கலாம், இரண்டடி தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மை. கருவி படபடவென்று உளறத் தொடங்கினால் அந்த உளறலில் உண்மையான சிக்னல் மூழ்கிவிடும். காயிலைக் காற்றில் தூக்கி அசையாமல் பிடித்தபோதும் உளறினால் காரணம் மின்காந்தக் குறுக்கீடு: மின்கம்பி, செல்போன் கோபுரம், பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டர். குறுக்கீட்டைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் வசதியைப் பயன்படுத்துங்கள் அல்லது அலைவரிசையை நகர்த்துங்கள். தரைக்கு அருகே மட்டும் உளறினால் மண்தான் காரணம். கிரவுண்ட் பேலன்ஸைத் திரும்பச் செய்து, அப்படியும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை அமைதி வரும்வரை குறையுங்கள்.

வேண்டாத எண்களின் ஓசையை அடைத்துவிடும் டிஸ்கிரிமினேஷன்தான் அதிகம் தவறாகப் பயன்படும் வசதி. தாளும் இழுப்பு வளையமும் தொந்தரவு என்று அந்த எண்களை அடைத்துவிட்டால் தங்க மோதிரங்களில் பெரும்பகுதியையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள். இரும்பை மட்டும் அடையுங்கள், அதையும் கொஞ்சமாக. முதல் நூறு குழி வரை, இரும்பு அல்லாத எல்லா ஓசையையும் தோண்ட வேண்டும். தோண்டும் முன் ‘இது இன்னது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு குழியைப் பாருங்கள். காது தேறுவது அப்படித்தான்.

ஒரு ஓசை கேட்டதும் அந்த இடத்தைச் சுற்றிக் கால் வட்டம் நடந்து, 90 பாகையில் மறுபடி வீசுங்கள். வட்டமான நாணயம் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே எண், உருண்டு திரண்ட ஓசை. நீளமான ஆணி ஒரு பக்கத்தில் உயர்ந்த ஓசையும் மறுபக்கத்தில் இரும்பின் உறுமலுமாக உடையும், அல்லது இரண்டு முனைக்கு இரண்டு ‘பீப்’ கொடுக்கும். சோடா மூடி ஏமாற்றுக்காரன். எஃகாக இருந்தும் நல்ல நாணயத்தின் எண்ணைக் காட்டுவான். டபுள் டி காயிலில் அவனைப் பிடிக்க ஒரு வழி உண்டு. காயிலை மெல்ல அசைத்தபடியே பின்னோக்கி இழுத்து, பொருள் முன்விளிம்பைத் தாண்டும்போது கேளுங்கள். நல்ல எண் சரிந்து இரும்பு ஓசை கலந்தால் பெரும்பாலும் மூடி. தட்டு அளவுள்ள துருத் தகடும் உயர்ந்த எண் காட்டும். காயிலை ஒரு முழம் தூக்கியும் ஓசை குறையவில்லை என்றால் பெரிய பொருள். திரையின் ஆழமானி, கீழே இருப்பது நாணய அளவுதான் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. ஆழத்தில் கிடக்கும் பெரிய டப்பாவையும் அது ‘5 செ.மீ.’ என்றே சொல்லும்.

இடத்தைக் குறிக்க பின்பாயின்ட் பொத்தான். பொருளுக்குச் சற்றுத் தள்ளிக் காயிலைத் தரையோரம் பிடித்துப் பொத்தானை அழுத்தி, மெல்லப் பொருளின் மேலாகக் கொண்டுவாருங்கள். பொருளின் நேர்மேலே அழுத்தினால் கருவி அதையே வெறும் தரை என்று எடுத்துக்கொண்டு ஊமையாகிவிடும். பொத்தான் இல்லையா, குறுக்கும் நெடுக்கும் வீசி இரண்டு கோடும் வெட்டும் புள்ளியை எடுங்கள்.

தோண்டுவதற்கு முன் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், அந்த நாட்டுச் சட்டத்தையும் படித்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியை எடுத்து வெளியே வைப்பதே குற்றமாகலாம். போர் நடந்த நிலத்தில் வாலோ திருகோ வைத்த உருளை ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகி, காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

புல்தரையில் குறித்த புள்ளியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மூன்று பக்கம் மட்டும் கீறி, நான்காவது பக்கத்தை வேரோடு விட்டு, கதவு மாதிரி மடக்குங்கள். பத்து செ.மீ.யாவது ஆழம் வேண்டும், மெல்லிய பட்டையாக உரித்தால் புல் காய்ந்துபோகும். நல்ல வெயில்காலத்தில் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் காயும், அப்போது புல்லைத் தொடாமல் இருப்பதே மேல். கொத்தைப் புள்ளியின் நடுவில் இறக்காமல் விளிம்பிலிருந்து இறக்குங்கள். நாணயத்தின் முகத்தில் விழும் கீறல் பெரும்பாலும் அவசரக் கொத்தினுடையது. தோண்டிய மண்ணை ஒரு துணியில் கொட்டி, முதலில் மடக்கிய புல்கட்டியைப் பின்பாயின்டரால் தடவுங்கள், பிறகு குழியின் சுவரை, பிறகு துணி மண்ணை. கிடைத்ததை விரலால் தேய்க்காதீர்கள். மண்துகள் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். அப்படியே பையில் போட்டு, வீட்டில் தண்ணீரில் ஊறவிட்டால் போதும்.

பொருள் வெளியே வந்துவிட்டது என்று உடனே மூடிவிட வேண்டாம். காயிலை மறுபடி குழியின் மேல் வீசுங்கள். முதலில் கேட்டது இரண்டு பொருளின் கலந்த ஓசையாக இருந்திருக்கலாம். இப்போது அடியில் இருப்பது தன் சொந்த எண்ணில் பேசும். அதையும் எடுத்த பிறகு துணியைக் குழிக்குள் கவிழ்த்து, புல்கட்டியை மடக்கி, காலால் நன்றாக மிதித்து அமுக்குங்கள். எடுத்த குப்பை பையின் இன்னொரு அறைக்கு. குழியில் திரும்பப் போட்டால் அடுத்த முறை அதையே தோண்டுவீர்கள்.